பின்னால் நீட்டிய இடது கை

மந்திர மேடத்துக்கு மந்திரம் தெரியாது. வாழ்நாளில் பாதியை இதை மற்றவர்களுக்கு விளக்குவதில் செலவழித்தார். மீதிப் பாதியில் மந்திரத்தைப் பற்றிப் படித்தார். பல்கலைக்கழகத்தில் அவருடைய பாடத்துக்கு மேற்கத்திய மறைஞான மரபுகள் என்று பெயர். ரசவாதிகள், சோதிடர்கள், கதவைச் சாத்திக்கொண்டு சடங்கு செய்த ரகசிய சங்கத்தார் எல்லாரும் என்ன நம்பினார்கள், எதனால் நம்பினார்கள், அது யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஆதாரத்தோடு எழுதுவதுதான் வேலை. எழுதுகிறவர் அதை நம்பக்கூடாது. நம்பவில்லை என்றும் சொல்லக்கூடாது. தாமரை இலையில் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும் என்பது அந்தத் துறையின் முதல் விதி. தாமரை இலைக்குச் சம்பளம், பதவி உயர்வு எல்லாம் உண்டு என்பது இரண்டாவது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர் வீட்டு வாசலில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று பலகை இருந்தது. அதைப் பார்த்துச் சிலர் முட்டி வலியோடு வந்தார்கள். அவர் பாடத்தைக் கேள்விப்பட்ட சிலர் மகனுக்கு வேலை எப்போது கிடைக்கும் என்று கேட்க வந்தார்கள். இரு சாராரிடமும் "எனக்கு அது தெரியாதுங்க" என்றே மேடம் சொன்னார். முட்டி வலிக்காரர்கள் நம்பிவிட்டுப் போனார்கள். மற்றவர்கள், தெரிந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று முடிவுகட்டி, இன்னும் மரியாதையோடு மறுபடி வந்தார்கள்.

கணவர் லிஃப்ட் பரிசோதகர். கட்டடம் கட்டடமாகப் போய், கம்பிவடத்தைத் தடவி, பிரேக்கைச் சோதித்து, ஓடலாம் அல்லது ஓடக்கூடாது என்று கையெழுத்துப் போடுவார். எங்கேயும் மாடிப்படியில்தான் ஏறுவார். தொழில் தெரிந்தவன் அப்படித்தான் இருப்பான் என்பார். குடியிருப்பில் அவருக்கு லிஃப்ட்காரர் என்று பெயர். மனைவியின் தொழிலை அவர் கல்யாணமான நாளிலிருந்து ஒரே கேள்வியால் துளைத்துக்கொண்டிருந்தார்.

"சரி, அந்த மந்திரம் வேலை செய்யுமா செய்யாதா?"

"அது என் கேள்வி இல்லைங்க."

"என் ஆபீஸ்ல இப்படி ரிப்போர்ட் எழுதினா நாலு பேர் செத்துருப்பாங்க."

"என் ஆளுங்க எல்லாரும் ஏற்கெனவே செத்தவங்கதான்."

மேடம் முதலில் வேதியியல் படித்தவர். கல்லூரியில் ஆசிரியர் ஒருநாள், "இதற்கு முன்னால் ரசவாதிகள் என்ற முட்டாள்கள் ஈயத்தைத் தங்கமாக்கப் பார்த்தார்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார். நூற்றாண்டு நூற்றாண்டாக அடுப்பு ஊதியவர்களுக்கு ஒரே ஒரு வரியா என்று மேடத்துக்கு உறுத்தியது. உறுத்தலைத் தீர்த்துக்கொள்ளப் போனவர், கடைசியில் அதையே தொழிலாக்கிக்கொண்டார். தங்கம் கிடைக்காத ஊரில் மாத வருமானம் கண்டவர் என்ற வகையில், ரசவாதிகளைவிட இவர் தேவலை.

அவருடைய ஆய்வேடு முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ரசவாதிகள் சங்கம் ஒன்றைப் பற்றியது. அந்தச் சங்கத்தில் புதிதாகச் சேர்கிறவனுக்கு நடத்திய சடங்கை விவரிக்கும் ஒரேயொரு கையெழுத்துப் பிரதிதான் மிஞ்சியிருந்தது. புதியவன் எரியும் விளக்கோடு மேசையைச் சுற்றி வருகிறான். கிழக்கே பார்த்து நிற்கிறான். அங்கே பிரதி எழுதியவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு, "இதன்பின் விளக்கை என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்" என்று முடித்துவிட்டார். எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. அந்த எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அந்த இடைவெளியை மேடம் ஓர் ஊகத்தால் அடைத்தார். புதியவன் திரும்பிப் பார்க்காமல், இடது கையால், விளக்கைத் தனக்குப் பின்னால் நிற்பவரிடம் நீட்டுகிறான். பின்னால் நிற்பவர் "பெற்றுக்கொண்டேன்" என்று சொன்ன பிறகே கையை விடுகிறான். இது ஊகம் என்று நேர்மையாக அடிக்குறிப்பும் போட்டார். ஆனால் இடது கை எதைக் குறிக்கிறது என்று நான்கு பக்கம் எழுதியிருந்தார். சந்திரன், வெள்ளி, வாங்கிக்கொள்ளும் தன்மை, இருட்டின் அறிவு என்று அந்தப் பக்கங்களில் இல்லாதது இல்லை. பட்டம் கிடைத்தது.

கூடவே ஓர் எதிரியும் கிடைத்தார். இன்னொரு பல்கலைக்கழகத்தில் இதே துறையில் பெரிய கையான ஒருவர். யார் என்ன சொன்னாலும் "சான்று?" என்று கேட்பதால் அவருக்குச் சான்று சார் என்றே பெயர். மேடத்தின் ஆய்வேட்டைப் பற்றி ஓர் ஆய்விதழில், "ஆசிரியைக்கு அன்று நடந்தது எல்லாமே தெரிந்திருக்கிறது, எப்படித் தெரியும் என்பதைத் தவிர" என்று எழுதினார். அந்த வரியை மேடம் மறக்கவில்லை. மறக்க அவரும் விடவில்லை. ஒவ்வொரு கருத்தரங்கிலும் காபி இடைவேளையில், "விளக்கு பத்திரமா இருக்கா?" என்று விசாரிப்பார்.

இப்படியே காலம் ஓடி மேடத்தின் தலையும் பாதி நரைத்தபோது, நிர்வாகத்துக்குச் சிக்கன ஞானம் பிறந்தது. பேராசிரியர் இல்லாத பிரிவுகளைப் பெரிய துறைகளோடு சேர்த்துவிடுவது என்று முடிவு. மேடத்தின் பிரிவு சைக்கிள் நிறுத்தத்துக்குப் பின்னால் இரண்டு அறை. அதில் பேராசிரியர் கிடையாது. இணைப் பேராசிரியர் மேடம் மட்டும்தான். துறைத்தலைவர் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மேடம், உங்களுக்குப் பேராசிரியர் பதவி வந்துட்டா பிரிவு பிழைச்சுக்கும். இல்லன்னா சுற்றுலா மேலாண்மையோட சேர்த்துடுவாங்க."

"சுற்றுலாவுக்கும் ரசவாதத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"ரெண்டுமே ஆளை இருந்த இடத்துலேருந்து வேற இடத்துக்குக் கொண்டுபோகுதுன்னு நிர்வாகத்துல சொல்றாங்க. நான் சொல்லல. தேர்வுக் குழுவுல சான்று சார் இருக்கார். அவர் வாயை அடைக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?"

இல்லை. ஆனால் அடுத்த மாதமே வந்தது. கொண்டுவந்தவள் மேடத்தின் ஆய்வு மாணவி. இந்தக் காலத்தில் இயங்கும் சிறு சங்கங்களைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தாள். டயர் கடை ஒன்றின் மாடியில் கூடும் ஒரு சங்கத்தில் பார்வையாளராக உட்கார்ந்துவிட்டு, மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"மேடம், விளக்கு!"

"எந்த விளக்கு?"

"உங்க விளக்கு! அவங்க செய்றாங்க மேடம். திரும்பாம, இடது கையால, பின்னாடி. 'பெற்றுக்கொண்டேன்'னு சொல்றாங்க. முந்நூறு வருஷமா கைமாறி வருதாம். நான் அழுதுட்டேன். அப்புறம் களப்பணியில அழக்கூடாதுன்னு ஞாபகம் வந்து நிறுத்திட்டேன்."

மேடம் மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எழுத்தில் அறுந்த இழை வாய்வழியாகப் பிழைத்திருக்கிறது. அவர் ஊகம் ஊகம் இல்லை, சான்று கிடைக்கச் சற்றுத் தாமதமான உண்மை! இருவரும் சேர்ந்து கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினார்கள். குழுவுக்கும் ஒரு பிரதி போனது. துறைத்தலைவர், சைக்கிள் நிறுத்தப் பக்கம் வந்தறியாதவர், தானே வந்து ஜன்னல் கதவெல்லாம் சரியாக மூடுகிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அந்தச் சங்கம் வருஷத்தில் ஒரு சாயங்காலம் உறுப்பினர்களின் குடும்பத்தாரையும் நண்பர்களையும் உள்ளே விடும். மேடத்துக்கு அழைப்பு வந்தது. கணவரையும் கூட்டிக்கொண்டு போனார்.

கட்டடத்தில் சரக்கு ஏற்றும் பழைய லிஃப்ட் ஒன்று இருந்தது. லிஃப்ட்காரர் அதன் கதவில் ஒட்டியிருந்த சான்றிதழைப் படித்துப் பார்த்தார். "காலாவதி" என்றார். படியேறினார்கள்.

மாடியில் நீண்ட அறை. கீழேயிருந்து ரப்பர் வாடை. பிளாஸ்டிக் நாற்காலிகள் மூன்று வரிசை. சங்கத்தின் செயலாளர் பல் டாக்டர். அவர் கிளினிக்கில் பழசாகிப்போன வெள்ளைக் கோட்டுகள்தான் எல்லாருக்கும் சடங்கு உடை. ஒரு பஸ் கண்டக்டர், ஒரு கண்ணாடிக் கடைக்காரர், ஒரு சத்துணவு நிபுணர், அவருடைய மைத்துனர் என்று சாதாரண மனிதர்கள். அந்தக் கோட்டுகளில் அவர்களைப் பார்த்தால் யாருக்கோ பல் பிடுங்கப்போகிற மாதிரி இருந்தது.

அறை விளக்குகளை அணைத்தார்கள். கண்டக்டர்தான் புதியவர். எரியும் விளக்கோடு மேசையைச் சுற்றினார். கிழக்கே பார்த்து நின்றார். திரும்பாமல், இடது கையைப் பின்னால் நீட்டினார். பின்னால் நின்ற பல் டாக்டர் விளக்கைப் பிடித்துக்கொண்டு, கணீரென்று, "பெற்றுக்கொண்டேன்" என்றார். கண்டக்டர் கையை விட்டார்.

மேடத்தின் கண்ணில் நீர் கோத்துவிட்டது. துறையின் முதல் விதி ஒரு நிமிஷம் காற்றில் பறந்தது. அப்போது காதருகே லிஃப்ட்காரர் கிசுகிசுத்தார்:

"ஏம்மா, இது நம்ம டீ இல்ல?"

"சும்மா இருங்க."

"சத்தியமா நம்ம டீதான். பழைய வீட்டுல. நல்லா பாரு."

பழைய வீடு என்பது கல்யாணமான புதிதில் இருந்த ஒண்டுக்குடித்தனம். சமையலறை ஓர் அலமாரி அகலம்தான் இருக்கும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்க முடியாது; ஒருவர் பின்னால் ஒருவர்தான் நிற்கலாம். மேடம் ஆய்வேடு எழுதிய காலமெல்லாம் டீ போட்டது லிஃப்ட்காரர். அடுப்பைப் பார்த்து நின்றபடி, வலது கையில் பாத்திரம், இடது கையால் டம்ளரைப் பின்னால் நீட்டுவார். புத்தகமும் கையுமாக வாசல்படியில் நிற்கும் மேடம் பிடித்துக்கொள்வார். ஒருமுறை இவர் பிடித்தாரென்று நினைத்து அவர் விட்டுவிட, டீ முழுக்கக் காலில் கொட்டியது. அன்றிலிருந்து, ஆபத்தில்லாமல் வேலை நடக்க ஒரு விதி: "'வாங்கிட்டேன்'னு சொல்ற வரைக்கும் நான் விடமாட்டேன்."

மேடத்துக்கும் இப்போது அந்த டம்ளர் தெரிந்தது. தன் ஊகம் ஒப்பீட்டிலிருந்தும் தர்க்கத்திலிருந்தும் பிறந்தது என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தார். சரி, இருக்கட்டும். ஊகம் டீயிலிருந்தே வந்திருந்தாலும், இவர்களுக்கு முந்நூறு வருஷமாக வந்தது வந்ததுதானே? தற்செயலாகப் பொருந்தக் கூடாதா?

சடங்கு முடிந்து பிஸ்கட் கொடுத்தார்கள். பல் டாக்டர் கோட்டைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"டாக்டர், எப்படி இருந்தது?"

"ரொம்ப நல்லா இருந்தது டாக்டர்."

"ரெண்டு டாக்டர் இருக்கீங்க. நோயாளி யாரு?" என்றார் லிஃப்ட்காரர்.

பல் டாக்டர் சிரித்தார். "எங்க குரு இருந்திருந்தா உங்களைப் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார் மேடம். அவர்தான் இதை எங்களுக்குக் கொடுத்தது. அவரும் உங்க யூனிவர்சிட்டிலதான் வேலை பார்த்தார்."

"அப்படியா? எந்தத் துறை?"

"துறை எல்லாம் இல்ல மேடம். பைண்டிங் பிரிவு. ஆய்வேடெல்லாம் அவர்தான் பைண்ட் பண்ணுவார். படிக்காம ஒண்ணையும் தைக்க மாட்டார்."

மேடம் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார். ஆய்வு மாணவி சங்கத்தாரிடம் விளக்கின் பொருள் என்ன, கிழக்கின் பொருள் என்ன, மௌனத்தின் பொருள் என்ன என்றெல்லாம் மணிக்கணக்கில் பதிவு செய்திருந்தாள். குருவுக்கு என்ன வேலை என்று கேட்கவில்லை. அவளைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. அவளுக்குக் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தவர் மேடம்தான்.

வீட்டுக்குப் போகும் வழியில் மேடம் கணக்குப் போட்டுப் பார்த்தார்: தன் ஆய்வேட்டைத் தைத்தபோது படித்ததைத்தான் பைண்டர் சங்கத்துக்குக் கொடுத்திருக்கிறார். லிஃப்ட்காரருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. பைண்டர் இறந்துவிட்டார். டீயைப் பற்றித் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். சும்மா இருந்தால் பதவி வரும், பிரிவு பிழைக்கும், சான்று சார் வாயடைத்துப் போவார்.

"நான் சொல்லலன்னா யாருக்கும் தெரியப்போறதில்ல" என்றார் மேடம் கடைசியில்.

"தெரியாது."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்னத்தைச் சொல்ல? எங்க ஆபீஸ்ல ஒரு விதி உண்டு. லிஃப்டைச் செஞ்சவன் அதை செக் பண்ணிக் கையெழுத்துப் போடக்கூடாது."

"அது லிஃப்ட்."

"ஆமா. லிஃப்ட்தான்."

அந்த 'தான்' மேடத்துக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் முதல் வேலையாக மாணவியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார்: ஒண்டுக்குடித்தனம், டம்ளர், காலில் கொட்டியது, பைண்டிங் பிரிவு. மாணவியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

"மேடம், நீங்க டீ குடிச்சதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"கட்டுரையைத் திரும்ப வாங்கணும்."

"என் ஆய்வேட்டுல பாதி அது மேடம்!"

"தெரியும்மா."

"உங்க பதவி முழுசும் அது."

"அதுவும் தெரியும்."

அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். சாத்தின சத்தத்தில் சைக்கிள் ஒன்று கீழே விழுந்தது.

அடுத்துச் சொல்ல வேண்டியது சங்கத்தாரிடம். பல் டாக்டரைச் சந்திக்க நேரம் கேட்டபோது கிளினிக்கில் நோயாளி என்று பெயரெழுதிவிட்டார்கள். மேடமும் ஒரு கடைவாய்ப் பல்லை ரொம்ப நாளாகப் பார்க்காமல் விட்டிருந்ததால், அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். டாக்டர் முகமூடி மாட்டுவதற்குள் விஷயத்தைச் சொல்லிமுடித்தார். டாக்டர் கையுறையை மாட்டினார். வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சு வைத்து, கருவியைப் போட்டுக் குடைய ஆரம்பித்தார். இனி மேடம் பதில் சொல்ல முடியாது என்று ஆன பிறகுதான் பேசினார்.

"அப்போ குரு எங்ககிட்ட பொய் சொன்னார்னு சொல்றீங்களா?"

"ஆ... ஆ..."

"இருங்க, நாக்கை ஆட்டாதீங்க. கைமாறி வந்ததுன்னுதான் சொன்னார். வந்திருக்கு. உங்க வீட்டுக்காரர் கை, உங்க கை, அவர் கை, எங்க கை. வரிசை சரியாத்தானே இருக்கு? முந்நூறு வருஷம்னதுதான் கொஞ்சம் கூட."

மேடம் விட்டத்தைப் பார்த்தார்.

"என் மனைவி போன வருஷம் தவறினப்ப, அந்த அறையில நின்னு விளக்கைப் பின்னாடி கொடுத்தேன் மேடம். யாரோ ஒருத்தர் 'பெற்றுக்கொண்டேன்'னு சொன்னாங்க. எனக்கு அது போதுமா இருந்தது. இப்பவும் போதும். எல்லாச் சடங்கும் எப்பவோ யாரோ ஒருத்தர் கண்டுபிடிச்சதுதானே. நீங்க உயிரோட இருக்கீங்க, அதுதான் கொஞ்சம் சங்கடம். துப்புங்க."

மேடம் துப்பினார். வாயில் ஒரு பக்கம் மரத்திருந்தது. "மத்தவங்களுக்குச் சொல்வீங்களா?" என்று குழறினார்.

"சொல்வேன். அந்த சத்துணவு நிபுணர் கோவிச்சுக்குவார். அவரோட மைத்துனனும் கூடவே போயிடுவான். போகட்டும். ரெண்டு நாள் இந்தப் பக்கம் கடிக்காதீங்க."

தேர்வுக் குழு கூடியபோது சான்று சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வழக்கமான ஒற்றைச் சொல்லைக் கேட்டார். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது அவருக்குத் தெரியும், காரணம் தெரியாது.

"சான்று?"

"இருந்தது சார். விசாரிச்சுப் பார்த்தேன். அது நான்தான்."

டீயிலிருந்து தொடங்கி மேடம் எல்லாவற்றையும் சொன்னார். குழுவில் ஒருவர் இருமினார். துறைத்தலைவர் ஜன்னலைப் பார்த்தார். சான்று சார் மட்டும், வாழ்க்கையில் முதல்முறையாக, குறிப்பெடுத்துக்கொண்டார். பிறகு அதே ஆய்விதழில், "இத்தனை ஆண்டுகளில் ஆசிரியை அளித்திருக்கும் முதல் முழுமையான சான்று இது" என்று எழுதினார். அவர் ஒருவரைப் பாராட்டியதாகத் துறையில் வேறு பதிவு இல்லை. பாராட்டினாரே தவிர, பதவிக்கு ஓட்டுப் போடவில்லை. பாராட்டு வேறு, தகுதி வேறு என்பதில் அவர் கறாரானவர்.

பிரிவு சுற்றுலா மேலாண்மையோடு சேர்ந்தது. மேடத்துக்கு இப்போது மூன்றாவது மாடியில் இடம். சுவரில் கடற்கரைப் படங்கள். வழிகாட்டிகளாகப் போகிற பிள்ளைகளுக்குப் பழைய கட்டடங்களைப் பற்றி வகுப்பெடுக்கிறார். 'முந்நூறு வருஷப் பழமை' என்று ஒரு பையன் சொன்னால், "யார் சொன்னா? அவருக்கு என்ன வேலை?" என்று கேட்கிறார். பிள்ளைகள் அவருக்குச் சான்று மேடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதை அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஆய்வு மாணவி ஒரு வாரம் முகத்தைக் காட்டவில்லை. பிறகு ஒலிப்பதிவுக் கருவியும் ஒரு சம்மதப் படிவமுமாக வீட்டுக்கே வந்தாள்.

"மேடம், இதுல கையெழுத்து வேணும். ஓர் ஊகம் எப்படி மரபாச்சுன்னு எழுதப்போறேன். நீங்க இனிமே என் வழிகாட்டி இல்ல, தகவலாளி. ரெண்டுமா இருக்கக்கூடாதாம்."

"யார் சொன்னது?"

"என் புது வழிகாட்டி. சான்று சார்."

மேடம் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மாணவி லிஃப்ட்காரர் பக்கம் திரும்பி, கருவியை நீட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஐயா, இடது கை உங்களுக்கு எதைக் குறிக்குது?"

"வலது கையில பாத்திரம் இருக்குன்றதைக் குறிக்குது."

ஆய்வேட்டில் இடது கைக்கு எழுதிய நான்கு பக்கமும் அந்த ஒரு வரியில் போயிற்று. மேடம் சிரிக்கக்கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. சிரிப்பும் பதிவாகியிருக்கிறது.

"செஞ்சு காட்டுறீங்களா?" என்று கேட்டாள் மாணவி.

இப்போதிருக்கும் சமையலறை பெரியது. நாலு பேர் தாராளமாக நிற்கலாம், யாரும் யாருக்கும் எதையும் பின்னால் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் லிஃப்ட்காரர் அடுப்பைப் பார்த்து நின்று டீ போட்டார். மேடம் பின்னால் போய் நின்றார். அவர் இடது கை டம்ளரோடு நீண்டது. மேடம் பிடித்துக்கொண்டார்; பிடித்தவருக்கு வார்த்தை வரவில்லை. எத்தனையோ தடவை யோசிக்காமல் சொன்னது. இப்போது அதற்கு ஒரு சங்கமும், ஓர் ஆய்வேடும், பல் டாக்டரின் செத்துப்போன மனைவியும் சாட்சி.

"சூடு ஏறுதும்மா" என்றார் லிஃப்ட்காரர் திரும்பாமலே. "சொன்னாத்தான் விடுவேன்."

"வாங்கிட்டேன், விடுங்க" என்றார் மேடம்.